உள்ளங்கையில் மின்னல்

ஜனவரி 8, வியாழன்

வேதியியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். இதை வீட்டில் யாரும் திறக்க மாட்டார்கள். குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா குறட்டை விடுவது கேட்கிறது. குறட்டை நின்றால் நானும் நிறுத்திவிட வேண்டும்.

இன்று சாயங்காலம் மாடி அறைக்கு டீ கொண்டுபோனேன். அண்ணன் கதவுக்கு முதுகைக் காட்டி மேசையில் குனிந்திருந்தான். தூரிகை பொம்மையின் முகத்துக்குப் பக்கத்தில் போகப் போக அவனுடைய வலது கை நடுங்கியது. தூரிகையைக் கீழே வைத்தால் நின்றது. மறுபடி எடுத்தான். மறுபடி நடுங்கியது. நான் நிற்பதைப் பார்த்துவிட்டான்.

“எத்தனை நாளாண்ணா இப்படி?”

“தீவாளி முடிஞ்சதுல இருந்து.”

“அப்பாகிட்ட சொல்லலாம்ணா. டாக்டரப் பாக்கலாம்.”

“மிருது, இங்க பாரு. அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொன்னே, அப்புறம் என்னைய உசுரோட பாக்க மாட்டே.”

சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவன் சிரிக்கவில்லை.

அண்ணனின் வேலை என்னவென்று பள்ளியில் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பலகை விளையாட்டுகளில் வைத்து ஆடுகிற கட்டைவிரல் உயரப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறான். அவற்றில் ஒளி வரவைப்பதுதான் அவனுடைய தனித் திறமை. வாளின் நுனியில் நெருப்பு, மந்திரக்காரியின் கண்ணில் பச்சை வெளிச்சம். உள்ளே விளக்கு எதுவும் கிடையாது, வெறும் பெயிண்ட்தான். ஆனால் பார்க்கிறவர்கள் பேட்டரி எங்கே என்று திருப்பிப் பார்ப்பார்கள்.

பெங்களூரில் ஒரு நிறுவனம் அவனை வேலைக்கு எடுத்துக்கொள்ளும் போலிருக்கிறது. அவர்கள் அனுப்பிய பொம்மையில் ஒளி தீட்டி பிப்ரவரி இருபதுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். கிடைக்காவிட்டால் ஜூன் மாதம் அப்பாவோடு கணபதி ஏரியாவில் இரும்பு கடைகிற லேத் பட்டறைக்குப் போக வேண்டும். அப்படித்தான் பேச்சு.

குறட்டை நின்றுவிட்டது.

ஜனவரி 9, வெள்ளி

அவன் என்ன செய்தாலும் என் கண் அவன் கையிலேயே போய் நிற்கிறது.

ஜனவரி 11, ஞாயிறு

இன்று முதல்முறையாக நான் தூரிகை பிடித்தேன். அண்ணன்தான் கேட்டான். “நான் சொல்றேன், நீ வெய்யி. அனுப்பிட்ட மக்காநாளே டாக்டர்கிட்டப் போறேன். சத்தியம்.”

பொம்மை ஒரு பெண். நீளமான மேலங்கி போட்டிருக்கிறாள். இடது கையை நெஞ்சுக்கு நேராக நீட்டி உள்ளங்கையில் மின்னல் உருண்டை ஒன்றை ஏந்தியிருக்கிறாள். அந்த உருண்டை எரிய வேண்டும். அதன் நீல வெளிச்சம் அவள் விரல்களிலும் தாடையிலும் அங்கியின் மடிப்பிலும் விழ வேண்டும்.

இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று ஒட்டிவைத்து, மூச்சை விட்டுக்கொண்டே ஒரு கோடு. பெயிண்ட் தண்ணீர்ப் பால்போல இருக்க வேண்டும். இன்று உருண்டையின் நடுவில் வெள்ளை மட்டும் வைத்தேன். ஒரு கடுகு அளவு. இரண்டு மணி நேரம் ஆனது.

என் கை நடுங்கவில்லை. அதை அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அண்ணன் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்ததாக அம்மாவிடம் சொன்னோம்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

காலையில் வாசலில் பொங்கல் வைத்தோம். பொங்கி வரும்போது பால் ஊற்றுவது எப்போதும் அண்ணன்தான். சொம்பை எடுத்தான். பாதிப் பால் அடுப்பில் கொட்டி நெருப்பு அணைந்தது. அம்மா “அய்யோ சாமி” என்றாள். அண்ணன் ஏதோ சொன்னான், வார்த்தை குழறிக்கொண்டு வந்தது. குனிந்து விறகை இழுக்கப் போனவன் தடுமாறிச் சுவரைப் பிடித்தான்.

அப்பா எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார்.

“குடிச்சிருக்கியாடா?”

அண்ணன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான்.

“இந்தக் கை எனக்குத் தெரியாதா? பட்டறையில முப்பது வருசமாப் பாக்கறேன். ராத்திரி ஊத்திட்டுக் காத்தால வந்து மெசின் முன்னாடி நிப்பானுங்க, இப்படித்தான் ஆடும். நாலு பேருக்கு வெரலே போயிருக்குது. சொல்லுடா, குடிச்சியா?”

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தான். அப்புறம் அப்பாவைப் பார்த்து, “ஆமா” என்றான்.

அப்பா அறைந்தார். நல்ல நாள் அதுவுமாகத் தெருவே பார்த்தது.

ஜனவரி 16, வெள்ளி

அண்ணன் குடிப்பதில்லை. அண்ணன் குடிப்பதில்லை. எங்கேயாவது ஓரிடத்தில் இது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

“ஏண்ணா ஆமான்னு சொன்னே?” என்று கேட்டேன். “குடிகாரன்னா நாளைக்கே நிறுத்திக்கலாம் புள்ள. கை போனவன்னா என்ன பண்றது?” என்றான்.

ஜனவரி 19, திங்கள்

அம்மா பரண்மேல் கிடந்த செம்புக் குடத்தை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தாள். குடித்துக் குடித்து ஈரல் கெட்டிருக்கும், செம்பில் ஊற வைத்த தண்ணீரை வெறும் வயிற்றில் குடித்தால் சுத்தமாகும் என்று கடையில் யாரோ சொன்னார்களாம். தினமும் இரவு குடத்தை நிரப்பி மூடி வைப்பது என் வேலை. காலையில் ஒரு சொம்பு அண்ணனுக்கு. அவன் மறுக்காமல் குடிக்கிறான். மறுத்தால் பேச்சு வளரும்.

அப்பா அவனோடு பேசுவதில்லை. அவன் சாப்பிட வரும்போது எழுந்து போய்விடுகிறார்.

ஜனவரி 24, சனி

எல்லாம் போயிற்று.

பத்து நாளில் அங்கியை முடித்திருந்தேன். மடிப்புகளின் மேட்டில் வெளிர் நீலம், பள்ளத்தில் அடர் நீலம். சாதாரணத் துணிக்கு அப்படித்தான் தீட்டுவார்கள், மேடு வெளிச்சம், பள்ளம் இருட்டு. அண்ணன் இந்த நாட்களில் அதிகமும் படுத்தே இருந்தான். இன்று எழுந்து வந்து பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

“வெளிச்சம் எங்கிருந்து வருது?”

“உருண்டையில இருந்து.”

“உருண்டைக்கிட்ட இருக்கற பள்ளந்தானடி மொதல்ல எரியோணும்? ஓரத்துக்குப் போகப் போக அணையோணும். நீ ஓரத்தையெல்லாம் எரிய விட்டிருக்கே. நடுவுல இருட்டு, சுத்தி வெளிச்சம். உலகத்துல எந்த வெளக்காவது இப்படி எரியுமா?”

கத்தினான். அண்ணன் என்னிடம் கத்தியதே இல்லை. பொம்மையைப் பிடுங்கி ஊறுகாய் பாட்டிலில் இருந்த ஸ்பிரிட்டில் போட்டான். நீலம் புகைபோலக் கிளம்பி பாட்டில் முழுக்கப் பரவியது. பத்து நாள் வேலை பத்து நிமிடத்தில் கரைந்தது. அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து அழுதான். வாயோரம் எச்சில் வழிந்தது. அவன் துடைக்கவில்லை. அது வழிவதே அவனுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

நான் தப்பாகத் தீட்டியதால் டாக்டர் பத்து நாள் தள்ளிப் போய்விட்டார்.

ஜனவரி 28, புதன்

இயற்பியலில் 31. அம்மா கையெழுத்துப் போட்டாள், ஒன்றும் கேட்கவில்லை. அவள் இப்போதெல்லாம் எதையும் பார்ப்பதில்லை, சாமி படத்தைத் தவிர.

பிப்ரவரி 1, ஞாயிறு

வெளிச்சம் எங்கே விழும் என்று எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக அண்ணன் ஒரு வழி செய்தான். ஆறரை மணிக்கு ஜன்னலை மூடி விளக்கை அணைத்தான். போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, செல்போன் டார்ச்சை உள்ளங்கையில் வைத்து, பொம்மைபோலவே கையை நெஞ்சுக்கு நேராக நீட்டி உட்கார்ந்தான். கை ஆடியதால் நிழலும் ஆடியது. இன்னொரு கையால் பிடித்துக்கொண்டான்.

“பாத்து எழுதிக்க. எங்கெங்க விழுது?”

தாடைக்கு அடியில். மூக்குத் துளையின் கீழ்ப்புறம். புருவ எலும்புக்குக் கீழே. நெற்றியில் இல்லவே இல்லை. எழுதிக்கொண்டே கண்ணுக்கு வந்தேன்.

அவன் கருவிழியைச் சுற்றி ஒரு வளையம் இருந்தது. தேய்த்த பித்தளை நிறத்தில், கொஞ்சம் பச்சை கலந்து. நடுவில் இருட்டு, ஓரத்தில் வெளிச்சம்.

“அண்ணா, கண்ணு ஓரத்துல என்னமோ தெரியுது.”

“டார்ச்சு லைட்டு அடிக்குது. நீ மூக்கைப் பாரு.”

சரி என்று மூக்கைப் பார்த்தேன்.

இவ்வளவுதான் எழுதிவிட்டு நோட்டை மூடினேன். தூக்கம் வரவில்லை, மறுபடி வந்துவிட்டேன். அவன் கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தும்போது மற்ற வெளிச்சமெல்லாம் நகர்ந்தது. வளையம் நகரவில்லை. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

அப்பா யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பாலக்காடு ரோட்டில் குடியை நிறுத்துகிற ஓர் இடம் இருக்கிறதாம். மூன்று மாதம் உள்ளே வைத்துக்கொள்வார்களாம். “கைய காலக் கட்டிப் போட்டாலும் பரவால்லீங்க, பையன் திருந்துனாப் போதும்” என்றார். போனை வைத்துவிட்டு வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் கை ஆடாது. லேத்தில் ஒரு முடி கனத்துக்கு இரும்பைச் சீவுகிற கை.

மார்ச் முதல் வாரம் கொண்டுபோய் விடப்போகிறார்.

பிப்ரவரி 13, வெள்ளி

இந்த முறை சரியாக வருகிறது. உள்ளங்கையும் விரல் இடுக்கும்தான் அதிகம் எரிகிறது. மடிப்பின் பள்ளத்தில் நீலம் தேங்கி நிற்கிறது. முழங்கையைத் தாண்டினால் இருட்டு. தாடைக்கடியில் ஒரே ஒரு மெல்லிய பூச்சு வைத்தேன், அவள் மூச்சு விடுவது போலிருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. பின்னால் கட்டிலில் அண்ணன் சட்டைப் பொத்தான் போட அரை மணி நேரமாகப் போராடிக்கொண்டிருந்தான். நான் திரும்பவில்லை. கோடு ஈரமாக இருந்தது, காய்வதற்குள் இழுக்க வேண்டியிருந்தது.

முடித்துவிட்டுத்தான் போய்ப் பொத்தானைப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 18, புதன்

அனுப்பியாயிற்று. கூரியர் தாளில் பெயரும் முகவரியும் நானே எழுதினேன். அண்ணன் கையெழுத்து மட்டும் போட்டான். எறும்பு ஊர்ந்ததுபோல இருந்தது. கூரியர்க்காரர், “கொஞ்சம் பெருசாப் போடு தம்பி” என்றார்.

வரும் வழியில் கேட்டேன். “நாளைக்கு டாக்டர்கிட்டப் போலாமாண்ணா?”

“பதில் வரட்டும்.”

“அனுப்பிட்டாப் போறேன்னு சத்தியம் பண்ணே.”

“பதில் வரட்டும்னு சொல்றேன்ல?”

பதில் வந்தால், வேலையில் சேரட்டும் என்பான். சேர்ந்தால் இன்னொன்று. அவனுக்கு டாக்டர்மேல் பயம். எனக்கு அவன்மேல் பயம். நாளை அப்பாவிடம் சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி 19, வியாழன்

சொல்லவில்லை. அப்பா தலைவலி என்று சீக்கிரம் படுத்துவிட்டார்.

பிப்ரவரி 20, வெள்ளி

சொல்லவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

அப்பா வீட்டிலேயே இருந்தார். காலையிலிருந்து ராத்திரிவரை. சொல்லவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு அப்பா பட்டறையிலிருந்து வந்து வண்டியை நிறுத்தும்போது, அண்ணன் மாடிப்படியில் இறங்கி வந்தான். நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். நடுப்படியில் கால் மடங்கி உருண்டு வந்து வாசலில் விழுந்தான். எழ முயன்றான், முடியவில்லை. ஏதோ பேசினான். ஒரு சொல்லும் புரியவில்லை.

அம்மா ஓடிவந்தாள். அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

“அங்கயே கெடக்கட்டும். ஊரு பாக்கட்டும். தெளிஞ்சாத் தானா எந்திரிச்சு வருவான்.”

“ஏனுங்க, நெத்தியில ரத்தம் வருதுங்க…”

“வரட்டும். நீ உள்ள போ.”

அப்பா அவனைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார். நிஜமாகவே கால் தூக்கித் தாண்டினார். துணிகள் என் கையிலிருந்து விழுந்தன. நான் கத்தியது எனக்கே வேறு யாரோ கத்துவதுபோல் கேட்டது.

“அப்பா! அண்ணன் குடிக்கலப்பா! ஒரு நாளும் குடிச்சதில்லப்பா! தீவாளியில இருந்து கை நடுங்குதுப்பா. பெங்களூருப் பொம்மையை நாந்தான் தீட்டினேன். அவனால பொத்தான்கூடப் போட முடியலப்பா!”

அப்பா திரும்பினார். “என்ன பாப்பா சொல்றே?”

“மோந்து பாருங்கப்பா. பொங்கலன்னிக்காச்சும் மோந்து பாத்தீங்களா?”

அப்பா மண்டியிட்டு அண்ணனின் வாயருகே முகத்தைக் கொண்டுபோனார். அப்படியே வெகுநேரம் இருந்தார். பிறகு அவனை இரண்டு கையாலும் வாரித் தூக்கினார். இருபத்திரண்டு வயதுப் பையனைக் குழந்தையைத் தூக்குவதுபோல.

ஆட்டோவில் ஏற்றும்போது அண்ணனின் கண் என்னைத் தேடிக் கண்டுபிடித்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரி. நரம்பு டாக்டர் ஒரு பெண். அண்ணனின் கண்ணை அவர் பார்த்த மறு நிமிடமே எழுந்துபோய் இன்னொரு டாக்டரை அழைத்து வந்தார். கண் பரிசோதிக்கிற கருவியில் தாடையை வைக்கச் சொன்னார்கள். மாணவர்கள் வரிசையாக நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார்கள்.

“சொந்தத்துல கல்யாணமா?” என்று டாக்டர் கேட்டார்.

“அத்தை மவதானுங்க” என்றார் அப்பா.

“சாப்பாட்டுல இருக்கற செம்பு உடம்புக்குத் துளிதான் வேணும். மிச்சத்தை ஈரல் வெளிய தள்ளிரும். இவருக்குப் பொறந்ததுல இருந்தே அந்த வேலை நடக்கல. சேந்து சேந்து ஈரல்ல, மூளையில, கண்ணுல எல்லாம் படிஞ்சிருக்கு. கண்ணுல இருக்கற வளையம் அதுதான்.”

அம்மாவின் முகம் மாறியது. “செம்புங்களா?”

“ஆமாம்மா.”

“தெனமும் செம்புக் குடத்துத் தண்ணி குடுத்தனுங்களே. ஈரலுக்கு நல்லதுன்னு…”

டாக்டர் நாற்காலியை அம்மா பக்கம் நகர்த்தினார். “அதனால வந்த நோய் இல்லம்மா இது. ஆனா அது வேண்டாம் இனிமே.” பரிவாகத்தான் சொன்னார். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். குடத்தை நிரப்பியது யார் என்று யாரும் கேட்கவில்லை.

“கை சரியாயிருங்களா?” என்றார் அப்பா.

“மருந்து வாழ்நாள் முழுக்கச் சாப்பிடணும். முதல்ல நடுக்கம் கொஞ்சம் கூடக்கூடச் செய்யலாம். எவ்வளவு திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாது. சீக்கிரம் வந்தவங்களுக்கு நல்லாத் திரும்புது.”

அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்தார். தங்கைக்கும் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார். எனக்கும் அது இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டாம்.

மார்ச் 5, வியாழன்

ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரைக் கேனில் சேர்த்துக் கொடுத்தேன். முடிவு அடுத்த வாரம். காலையில் கண்ணாடியில் என் கண்ணைப் பார்க்கப் போய், பாதியில் திரும்பிவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணனின் போன் என்னிடம் இருக்கிறது. பெங்களூரிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. வேலை கிடைத்துவிட்டது. ஜூன் முதல் தேதி சேர வேண்டும். தாடைக்கடியில் விழும் வெளிச்சத்தைப் பற்றித் தனியாக இரண்டு வரி எழுதியிருந்தார்கள்.

வார்டில் அவன் கட்டிலருகே உட்கார்ந்து படித்துக் காட்டினேன். ஆட்டோவில் ஏற்றிய நாளிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. பேச முடியவில்லையா, பேச விருப்பமில்லையா என்று தெரியாமலே பக்கத்தில் இருந்தேன். படித்து முடித்ததும் உதடு அசைந்தது. ஒவ்வொரு சொல்லையும் மேட்டில் ஏற்றுவதுபோல் இழுத்துச் சொன்னான்.

“உன்னைய… எடுத்திருக்காங்க.”

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு ஆடியது. அது நடுக்கமா அழுகையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 9, திங்கள்

டாக்டருக்குத் தேதிகள் வேண்டுமாம். கை எப்போது ஆரம்பித்தது, பேச்சு எப்போது குழறியது, எச்சில் எப்போது வழிந்தது, நடை எப்போது தடுமாறியது. மருந்தின் அளவைப் பார்த்துப் போட அது உதவுமாம். அண்ணனால் சொல்ல முடியவில்லை. நாளைக் காலை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

சாப்பிட்ட பிறகு அப்பா என் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவர். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். “பொங்கல்” என்று மட்டும் எழுதியிருந்தார். அதன் கீழே ஏதோ எழுதி அடித்திருந்தார்.

“உனக்கு ஏதாச்சும் நெனப்பிருக்குதா பாப்பா? நீதான அவங்கூடவே இருந்தே?”

“யோசிச்சுச் சொல்றேன்ப்பா.”

எல்லாத் தேதியும் என்னிடம் இருக்கிறது. தாளில் தனியாக எடுத்து எழுதிக் கொடுத்துவிடலாம் என்று குளியலறைக்கு வந்தேன். நான்கு தேதி எழுதினேன். பிப்ரவரி ஒன்றுக்கு வந்ததும் நிறுத்தினேன். கண்ணில் வளையம் என்று எழுதினால், நீ எப்படிப் பார்த்தாய், பார்த்துவிட்டு என்ன செய்தாய் என்று கேட்பார்கள். எழுதாமல் விட்டால் டாக்டருக்கு ஒரு தேதி குறையும். அந்தப் பக்கத்தைக் கிழிக்க இரண்டு முறை பிடித்தேன். தையல் கொஞ்சம் விட்டிருக்கிறது. கிழிக்கவில்லை.

நோட்டையே கொடுக்கப் போகிறேன். அப்பா இன்னும் தூங்கவில்லை. இன்று குறட்டை கேட்கவே இல்லை. கூடத்தில் விளக்கு எரிகிறது, அந்தத் தாளோடுதான் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஒவ்வொரு நாளாக, விரல் வைத்து. எல்லாவற்றையும் படித்து முடிக்க விடிந்துவிடும். அதுவரை நான் எழுந்து போகாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.